குமாவோன் மலைக் குடும்பத்தின் ஓராண்டு



அரசாங்க அறிக்கைகளை ஒரு மொழியிலிருந்து மற்றொரு மொழிக்குப் பெயர்க்கும் தொழிலில் இருப்பவர்களுக்குத் 'தன்னிறைவு' என்பது மிகவும் பழகிய சொல். நாட்டின் தன்னிறைவு, கிராமத்தின் தன்னிறைவு, குடும்பத்தின் தன்னிறைவு என்று அது பக்கத்துக்குப் பக்கம் வரும். எதையும் வெளியிலிருந்து வாங்காமல், எவரையும் சாராமல் வாழ்வதே தன்னிறைவு என்று நாம் பொதுவாகப் பொருள் கொள்கிறோம். இது சரியான பொருள்தானா என்பதை, சிறு நிலத்தைக் கொண்டு தன் உணவைத் தானே விளைவித்துக்கொள்ளும் ஓர் உழவர் குடும்பத்தின் ஆண்டு வாழ்க்கையைப் பார்த்தே தெளிய வேண்டும். அதற்காக நாம் நெடுந்தொலைவு போக வேண்டியதில்லை. தில்லியிலும் லக்னோவிலும் டேராடூனிலும் நம் அலுவலகங்களில் பந்த், ஜோஷி, பிஷ்ட் என்னும் பெயருடைய நண்பர்கள் பலர் இருக்கிறார்கள். அவர்களுள் பலருக்குப் பூர்வீகம் குமாவோன் மலைநாடு. அவர்களுடைய தாய்மாரும் பாட்டிமாரும் நடத்திவந்த பயிர்த்தொழிலைப் பற்றியே இங்குக் கூற விரும்புகிறேன்.

2000-ஆம் ஆண்டு நவம்பர் 9-ஆம் நாள் உத்தரப் பிரதேசத்திலிருந்து பிரிந்து தனி மாநிலமான உத்தராகண்டில், கீழ்ப்பகுதியாய் அமைந்தது குமாவோன். அல்மோரா, பாகேஷ்வர், பித்தோராகட், சம்பாவத், நைனிதால், உதம்சிங் நகர் ஆகிய ஆறு மாவட்டங்கள் இதில் அடங்கும். உதம்சிங் நகர் சமவெளி; மற்றவை பெரும்பாலும் மலைப்பாங்கானவை. மலைச்சரிவைப் படிபடியாக வெட்டி, கல்லடுக்கிக் கரைகட்டி, ஒவ்வொரு படியையும் ஒரு வயலாக்கியிருக்கிறார்கள். சில வயல்களில் ஒரு ஜோடி மாடு திரும்புவதற்கே இடம் போதாது. இங்கே நிலத்தை 'நாலி' என்னும் அளவால் அளக்கிறார்கள். இருபது நாலி ஏறத்தாழ ஓர் ஏக்கர். ஒரு நாலி அளவு விதை விதைக்கப் போதுமான நிலம் என்பதே இச்சொல்லின் பழம் பொருள். நெல்லைச் சீமையில் 'இத்தனை கோட்டை விதைப்பாடு' என்று நிலத்தைச் சொல்லும் வழக்கை அறிந்த நேயர்களுக்கு இம்முறை புதிதாகத் தோன்றாது. மாநிலத்தில் ஓர் உழவருக்கு உள்ள நிலம் சராசரியாக ஒரு ஹெக்டேருக்கும் குறைவு. அதுவும் ஓரிடத்தில் சேர்ந்தாற்போல இராமல், மேலும் கீழுமாகப் பல துண்டுகளாகச் சிதறிக் கிடக்கும்.

அவர்களுடைய பஞ்சாங்கத்தில் நமக்கு ஓர் உறவு உண்டு. வடநாட்டுச் சமவெளியில் மாதங்கள் பெரும்பாலும் சந்திரனைக் கொண்டு கணக்கிடப்படுகின்றன. குமாவோனிலோ, நம்மைப் போலவே, சூரியன் ஒரு ராசியிலிருந்து அடுத்த ராசிக்குப் புகும் சங்கராந்தியன்று மாதம் பிறக்கிறது. பெயர் மட்டும் ஒரு படி முன்னதாக ஓடும். நம் பங்குனி அவர்களுக்குச் சைத்ரம். நம் சித்திரை அவர்களுக்கு வைசாகம். ஆதலின் அவர்களுடைய உழவுத் திருநாள்கள் பல, நம் மாதப் பிறப்பு நாள்களிலேயே வருகின்றன. அந்த நாள்களையே படிகளாகக் கொண்டு அவர்களுடைய ஆண்டை நாமும் ஏறிப் பார்க்கலாம்.

மார்ச்சு மாத நடுவில், பங்குனி பிறக்கும் நாளில், 'பூல்தேயி' வருகிறது. பனி விலகி, மலையில் செந்நிற புராஞ்சு மலர்களும் மஞ்சள் நிறப் பியோலி மலர்களும் பூத்திருக்கும் காலம் அது. சிறுவர் சிறுமியர் கூடையில் மலரெடுத்து வீடு வீடாகச் சென்று நிலைவாசலில் இட்டு வாழ்த்துவார்கள். வீட்டுக்காரர் அவர்களுக்கு அரிசியும் வெல்லமும் கொடுப்பார்கள். அப்போது ஒரு பாதி நிலத்தில் கோதுமை கதிர் முற்றிக்கொண்டிருக்கும். மற்றொரு பாதி தரிசாய்க் கிடக்கும். இந்தத் தரிசு சோம்பலால் விளைந்ததன்று. பல ஊர்களில் மானாவாரி நிலம் முழுவதையும் இரு பாதிகளாகப் பிரித்து, ஊரார் அனைவரும் ஒரே ஒழுங்கில் பயிரிட்டு வந்தார்கள். ஒரு பாதியில் வசந்தத்தில் குதிரைவாலியோ புன்செய் நெல்லோ விதைப்பார்கள். அது இலையுதிர் காலத்தில் அறுவடையானதும் அங்கே கோதுமை. கோதுமைக்குப் பின் கேழ்வரகு. கேழ்வரகு அறுத்தபின் அந்நிலத்துக்குக் குளிர்காலம் முழுதும் ஓய்வு. இரண்டு ஆண்டுகளில் மூன்று விளைச்சல், ஓர் ஓய்வு. மறு பாதி நிலம் இதே சுற்றில் ஓராண்டு பின்தங்கி வரும். எனவே எந்த ஆண்டிலும் எல்லாத் தானியமும் கிடைக்கும். தரிசுப் பாதியில் மாடுகள் மேயும். மேய்ந்த இடத்தில் சாணம் விழும்.

கேழ்வரகு, குதிரைவாலி என்று நான் தமிழ்ப் பெயரால் கூறுவதில் பிழையில்லை. அவர்கள் 'மடுவா' என்பது நம் கேழ்வரகேதான். 'மாதிரா' என்றும் 'ஜங்கோரா' என்றும் வழங்குவது குதிரைவாலி. 'கஹத்' என்பது கொள்ளு. தென்பாண்டி நாட்டார் காணம் என்பார்கள். தருமபுரியில் களியாகக் கிண்டப்படும் தானியம் அல்மோராவில் கறுத்த ரொட்டியாகத் தட்டப்படுகிறது, அவ்வளவே வேற்றுமை.

சித்திரை, வைகாசியில் கோதுமை அறுவடை முடிந்ததும் கேழ்வரகு விதைப்புத் தொடங்கும். அதைத் தனியே விதைப்பதில்லை. கொள்ளு, உளுந்து, கருஞ்சோயா, தட்டைப்பயறு, கீரைவிதை முதலியவற்றைக் கலந்தே விதைப்பார்கள். அண்டையிலுள்ள கட்வாலில் இக்கலப்புப் பயிருக்குப் 'பாரஹ் நாஜா', அதாவது பன்னிரு தானியம், என்றே பெயர். இது அறியாமையால் செய்யும் குழப்பம் என்று கருதியவர் உண்டு. உண்மையில் இதில் நுட்பமான கணக்கு அடங்கியிருக்கிறது. பயறு வகைகள் காற்றிலுள்ள நைட்ரஜனை வேர்முண்டுகளின் வழியே மண்ணுக்குச் சேர்க்கின்றன. கீரைத்தண்டு உயர்ந்து வளர, கொடிகள் அதைப் பற்றி ஏறுகின்றன. தழை நிலத்தை மூடுவதால் சரிவில் பெய்யும் கனமழை மண்ணை அரித்துச் செல்வது குறைகிறது. மழை மிகுந்தால் ஒன்று கெடும், குறைந்தால் மற்றொன்று கெடும். பன்னிரண்டும் ஒருங்கே கெடுவது அரிது. சந்தையில் விற்கப் பயிரிடுபவன் எது மிகுதியாக விளையும் என்று பார்க்கிறான். உண்பதற்குப் பயிரிடுபவனோ எது முற்றிலும் பொய்க்காது என்று பார்க்கிறான். இரண்டும் வேறு வேறு கணக்குகள்.

பள்ளத்தாக்கில் ஆற்றோரம் சிறிது நன்செய் உடையவர்கள், 'கூல்' என்னும் சிறு வாய்க்கால் வழியே நீர் பாய்ச்சி, ஆனி மாதத்தில் நெல் நடுவார்கள். பெண்கள் வரிசையாய் நின்று நாற்று நடும்போது, ஒருவர் சேற்றில் நின்று 'ஹுட்கா' என்னும் சிறு பறையை முழக்கிக் கதைப்பாட்டுப் பாடுவார். நடுவோர் அதைப் பின்தொடர்ந்து பாடுவார்கள். அந்த வாத்தியத்தைப் பார்த்தால் நாம் உடுக்கை என்றே சொல்லுவோம். ஒரு குடும்பத்தின் நடவுக்கு ஊர்ப் பெண்கள் எல்லாரும் வருவார்கள். மறுநாள் அக்குடும்பத்துப் பெண்கள் அவர்கள் வயலுக்குப் போக வேண்டும். இதற்குக் கூலி கிடையாது. கைக்குக் கைதான் மாற்று.

ஆடி முதல் நாள் 'ஹரேலா'. அதற்கு ஒன்பது பத்து நாள் முன்னதாக, வீட்டுக்குள் ஒரு சிறு கூடையில் மண்ணிட்டுக் கோதுமை, வாற்கோதுமை, மக்காச்சோளம், கொள்ளு முதலிய தானியங்களை முளைக்க வைப்பார்கள். வெயில் படாமல் வளர்வதால் முளைகள் மஞ்சள் நிறமாய் நிற்கும். அவை செழிப்பாய் வளர்ந்திருந்தால் அவ்வாண்டு விளைச்சல் நன்றாயிருக்கும் என்பது நம்பிக்கை. நம் ஊர் முளைப்பாரி இங்கே நினைவுக்கு வராத தமிழர் இருக்கமாட்டார். ஹரேலா அன்று முளைகளை அறுத்து, வீட்டில் மூத்தவர்கள் இளையவர்களின் தலையில் சூட்டி வாழ்த்துவார்கள். பட்டாளத்திலோ நகரத்து வேலையிலோ இருக்கும் மகனுக்கு அந்த முளைகளில் சிலவற்றை உறையிலிட்டு அஞ்சலில் அனுப்பும் வழக்கமும் உண்டு. வீட்டைவிட்டு வெளியே இருப்பவரும் விளைச்சலின் கணக்கில் சேர்ந்தவரே என்பதுதான் இதன் கருத்துப் போலும்.

மழைக்காலம் களையெடுப்பின் காலம். கேழ்வரகுக்கு ஒருமுறை களையெடுத்தால் போதாது. குட்டையான களைக்கொத்துடன் பெண்கள் நாள் முழுதும் சரிவில் குனிந்து நிற்பார்கள். உழுவது ஒன்றே ஆணின் வேலை. விதை தெரிதல், எருச் சுமத்தல், நாற்று நடுதல், களைபறித்தல், அறுத்தல், அடித்தல், புல் கொணர்தல், விறகு கொணர்தல், நீர் கொணர்தல் ஆகிய அனைத்தும் பெரும்பாலும் பெண்களின் பங்கு. ஆவணி பிறக்கும் நாளில் 'நெய்ச் சங்கராந்தி' வரும். பசும்புல் தின்ற மாடுகள் பால் மிகுதியாய்க் கறக்கும் காலமாதலால், அன்று எல்லாரும் நெய்யுண்ண வேண்டும் என்பது மரபு. கைவினைஞர் தாம் செய்த கருவிகளை நிலமுடையோருக்குக் கொடுத்துப் பரிசில் பெறும் வழக்கமும் அந்நாளுக்கு உரியது. கலப்பைக்குக் கொழுவும் கைக்கு அரிவாளும் செய்து தந்த கொல்லர், அறுவடையின்போது தானியமாகக் கூலி பெற்றார். இவர்களுள் பலர் 'ஷில்ப்கார்' என்று இன்று அழைக்கப்படும் சமூகத்தார். தீண்டாமையின் கொடுமையை நெடுங்காலம் அனுபவித்தவர்கள். மேல்சாதியாருள் ஏரைத் தொடாதவர்களின் நிலத்தை உழுததும் இவர்களே. கடனுக்காக ஆண்டுக்கணக்கில் உழுது கிடந்தவர்களும் உண்டு. 'தன் உணவைத் தானே விளைவித்த குடும்பம்' என்று கூறும்போது, அந்தத் 'தான்' என்னும் சொல்லுக்குள் பெயர் சொல்லப்படாத எத்தனை கைகள் மறைந்திருந்தன என்பதையும் நாம் கணக்கில் கொள்ள வேண்டும்.

புரட்டாசிப் பிறப்பு 'கதருவா' என்னும் மாட்டுத் திருநாள். தொழுவத்தைத் துப்புரவு செய்து, மாடுகளுக்குப் பசும்புல் மிகுதியாய் இட்டு, மாலையில் ஊர்ப்பொதுவில் தீ மூட்டுவார்கள். அம்மாதத்துக்கு அவர்கள் மொழியில் 'அசோஜ்' என்று பெயர். ஓயாத உழைப்புக்கு அதுவே மறுபெயர். கதிர்கள் முற்றி நிற்கும். அதே நேரத்தில் மலைப்புல்லும் காய்வதற்குள் அறுக்கப்பட வேண்டும். அறுத்த புல்லை மரத்தைச் சுற்றிப் போராக அடுக்கி வைப்பார்கள். குளிர்காலம் முழுவதும் மாடுகளுக்கு அதுவே தீனி. கேழ்வரகும் கொள்ளும் முற்றத்தில் காய்ந்து, அடித்துத் தூற்றப்பட்டு, 'பகார்' என்னும் மரப் பத்தாயத்துக்குப் போகும். கேழ்வரகைப் பூச்சி எளிதில் அண்டாது. ஆண்டுக்கணக்கில் கெடாமல் இருக்கும். ஆதலின் ஒரு பருவம் பொய்த்தால் தாங்கிக்கொள்ளும் சேமிப்பு அதுவே. நல்ல கதிர்களைத் தேர்ந்து விதைக்கென்று தனியே வைப்பது வீட்டு மூதாட்டியின் பொறுப்பு. பிறகு கோதுமை விதைப்பு.

குளிர்காலத்தில் வயலில் வேலை குறையும். கல்லால் கட்டிய வீட்டின் கீழ்த்தளத்தில் மாடுகள், மேல்தளத்தில் மனிதர். மாடுகளின் உடற்சூடும் மேலே குடியிருப்போருக்கு ஒரு கணப்பு. ஓடைநீரின் விசையால் சுழலும் திரிகையில் தானியம் மாவாகும். தைப்பொங்கலன்று அவர்களுக்கும் பெருநாள். மாவும் வெல்லமும் பிசைந்து பல வடிவங்களாய்ப் பொரித்து, மாலையாகக் கோத்துக் குழந்தைகளின் கழுத்தில் இடுவார்கள். குழந்தைகள் காக்கையைக் கூவியழைத்து அதற்கும் பங்கு கொடுப்பார்கள். நம் வீடுகளில் கணுப்பிடி வைக்கும் சகோதரிகள் இதைக் கேட்டு மகிழ்வார்கள் என்று நம்புகிறேன்.

அதே நாளில், சரயுவும் கோமதியும் கூடும் பாகேஷ்வரில் உத்தராயணித் திருவிழா நடைபெறும். 1921 ஜனவரியில் இத்திருவிழாவில் ஒரு பெருநிகழ்ச்சி நடந்தது. அக்காலத்தில் வெள்ளை அதிகாரிகள் மலையில் பயணம் செய்தால், அவர்களுடைய மூட்டைகளைச் சுமக்க ஊரார் வந்தே தீர வேண்டும். யார் யாரைச் சுமக்க அனுப்புவது என்று ஊர்த் தலைவர்களிடம் பதிவேடுகள் இருந்தன. பத்ரி தத் பாண்டே முதலிய தலைவர்களின் முன்னிலையில் மக்கள் அந்தப் பதிவேடுகளைச் சரயு ஆற்றில் வீசியெறிந்தார்கள். 'கூலி பேகார்' என்னும் அக்கட்டாய உழைப்பு முடிவுக்கு வந்தது. வேளாண்மையைப் பேசுகையில் இதை ஏன் கூறுகிறேன் எனின், சிறு உழவனுக்கு முதல் என்பது அவன் உழைப்பே. விதைக்கும் நாளில் இரண்டு கைகள் வேறிடம் சென்றால் அந்தப் பருவமே போய்விடும்.

காடும் அப்படியே. பயிர்நிலம் பண்ணையில் ஒரு பாதியே. மற்றப் பாதி காடு. பாஞ்சு என்னும் கருவாலி மரத்தின் தழை மாட்டுக்குத் தீனி. உதிர்ந்த இலை தொழுவத்தில் படுக்கை. அந்த இலையும் சாணமும் கலந்து மக்கியதே எரு. கூடை கூடையாக அது வயலுக்குச் சுமந்து செல்லப்படும். அரசாங்கம் காடுகளைத் தன்வசமாக்கியபோது மலைமக்கள் கடுமையாக எதிர்த்ததன் காரணம் இதுவே. அதன் விளைவாக 1931-இல் வனப் பஞ்சாயத்துகளுக்கு விதிகள் வகுக்கப்பட்டன. ஊராரே ஊர்க்காட்டைப் பேணும் அம்முறை இன்றும் நடைமுறையில் உள்ளது.

இத்தனைக்குப் பிறகும் அந்தக் குடும்பம் எதையும் வெளியிலிருந்து பெறாமல் வாழ்ந்ததா என்றால், இல்லை. உப்பு மலையில் விளையாது. உயர்மலைப் பள்ளத்தாக்குகளில் வாழும் போட்டியா வணிகர், திபெத்திலிருந்து உப்பும் கம்பளியும் கொணர்ந்து தானியத்துக்கு மாற்றினார்கள். 1962-ஆம் ஆண்டுப் போருடன் அவ்வாணிகம் நின்றது. துணிக்கும் வரிக்கும் பணம் வேண்டும். அதற்காக ஆண்மக்கள் பட்டாளத்துக்கும் சமவெளி நகரங்களுக்கும் சென்றார்கள். ராணிகேத்தில் தலைமையகம் கொண்ட குமாவோன் ரெஜிமெண்டு பல தலைமுறைகளுக்குச் சோறிட்டது. மலையின் பொருளாதாரத்துக்கு 'மணியார்டர் பொருளாதாரம்' என்ற பெயரே ஏற்பட்டது.

ஆகவே, தன்னிறைவு என்பது எவரையும் சாராத நிலையன்று. நிலம் காட்டையும், காடு மாட்டையும், மாடு வயலையும், வயல் பத்தாயத்தையும், ஒரு வீடு மற்றொரு வீட்டையும் சார்ந்து, ஒவ்வொரு பருவமும் அடுத்த பருவத்துக்கு ஏதேனும் ஒன்றை விட்டுச் செல்லும் ஒரு சுற்றே அது. ஒரு கண்ணி அறுந்தால் சுற்று முழுவதும் தளர்ந்துவிடும்.

அந்தக் கண்ணி இன்று அறுந்துகொண்டிருக்கிறது. முன்பு ஆண்கள் மட்டும் சென்றார்கள். பெண்கள் பண்ணையைக் காத்தார்கள். 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அல்மோரா மாவட்டத்தில் ஆயிரம் ஆண்களுக்கு 1,139 பெண்கள் இருந்தார்கள். அடுத்து, பள்ளிக்காகவும் மருத்துவத்துக்காகவும் குடும்பங்களே பெயர்ந்தன. 2001-க்கும் 2011-க்கும் இடையில் நாட்டின் மக்கள்தொகை பெருகியிருக்க, அல்மோராவின் மக்கள்தொகையோ குறைந்தது. நிலைமையை ஆராய மாநில அரசு 2017-இல் தனியோர் ஆணையமே அமைத்தது. சிலர் சென்றபின் எஞ்சியோர் பயிரிடுவதும் கடினமாகிறது. கைமாற்றுக்கு ஆளில்லை, தரிசான வயல்களில் புதர் மண்டுகிறது, புதரில் காட்டுப்பன்றி தங்குகிறது, பன்றியும் குரங்கும் அண்டை வயலை அழிக்கின்றன, அவ்வயலுக்குரியவரும் புறப்படுகிறார். இதற்காக அவர்களைக் குறை கூறுவது நியாயமன்று. எருக்கூடையைச் சுமந்து தேய்ந்த தாய், தன் மகள் பள்ளிக்குச் செல்ல வேண்டும் என்று விரும்பியதில் தவறென்ன? அந்தத் தாயின் உழைப்புக்கு ஊதியமும் மதிப்பும் இருந்திருந்தால் நிலைமை வேறாகியிருக்கலாம் என்பதே நாம் உணர வேண்டியது.

அதற்கு ஓரளவு வழி பிறந்திருப்பதும் உண்மை. கட்வாலில், தெஹ்ரி மாவட்டத்தில், விஜய் ஜர்தாரியும் தோழர்களும் தொடங்கிய 'விதை காப்போம்' இயக்கம், கைவிடப்பட்ட மரபு விதைகளைத் தேடிச் சேர்த்தது. ஐக்கிய நாடுகள் சபை 2023-ஆம் ஆண்டைச் சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடியது. அதே ஆண்டில் உத்தராகண்டின் மடுவா, ஜங்கோரா, கஹத் ஆகியவற்றுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. ஏழைகளின் உணவென்று இகழப்பட்ட கறுத்த ரொட்டி இன்று நகரத்துக் கடைகளில் விலைபெறுகிறது. அவ்விலையில் எவ்வளவு பங்கு களையெடுத்தவரின் கைக்குச் செல்கிறது என்பதைப் பொறுத்தே இம்மாற்றத்தின் பயன் அமையும்.

தில்லியிலோ லக்னோவிலோ கேழ்வரகு மாவு கிடைக்கவில்லையே என்று ஏங்கும் தமிழ்க் குடும்பங்கள், மலைநாட்டுப் பொருள்களை விற்கும் கடையில் 'மடுவே கா ஆட்டா' என்று கேட்டால் போதும்; நம் கூழுக்கும் களிக்கும் அதுவே உதவும். மலைப் பெண்களின் கூட்டுறவுகளும் சுயஉதவிக் குழுக்களும் விற்பதைத் தேடி வாங்கினால் பணம் உரிய கைக்கு இன்னும் நேராகச் சேரும். அடுத்த ஆடி முதல் நாளன்று, பக்கத்து மேசையிலுள்ள பந்த் அவர்களிடமோ பிஷ்ட் அவர்களிடமோ, 'ஊரிலிருந்து ஹரேலா வந்ததா?' என்று ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள். வந்ததா, அனுப்ப வீட்டில் யாரேனும் இருக்கிறார்களா என்பதை அவர் சொல்லும்போது, அந்த மலைப் பண்ணையின் இன்றைய நிலை உங்களுக்கு நன்கு விளங்கும்.